நாலு வேலை, நாலு பிராஞ்ச்: கிட்டில் ஒன்றோடொன்று கலக்காமல் வேலை செய்யும் முறை

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு நீங்கள் வெப்சைட் செய்து தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வருகிறது. சதுர அடி சொன்னால் எத்தனை கல் வேண்டும் என்று காட்ட வேண்டுமாம். பில்லில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் வர வேண்டுமாம். பக்கம் தமிழிலும் தெரிய வேண்டும், புதுப் பூ டிசைன் படங்களையும் ஏற்ற வேண்டும். நாலையும் தொட்டு, எதுவும் முடியாமல் நிற்கும்போது வியாழக்கிழமை அடுத்த செய்தி: "தம்பி, பில்லு மட்டும் நாளைக்கே வேணும். மத்ததெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்."

கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டில், நாலு வேலையும் ஒரே பிராஞ்சில் (கோடின் ஒரே கிளையில்) குழம்பிக் கிடந்தால் பில்லை மட்டும் உருவி எடுக்க முடியாது. கமிட், புஷ் வரை தெரிந்து, பிராஞ்ச் இரண்டு மூன்றைத் தாண்டியதும் திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இரண்டு மூன்று பேராக வேலை செய்கிற இடங்களில், கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்து நாற்காலியில் சீனியர் யாரும் இருப்பதில்லை. நானும் அப்படித் தட்டுத் தடுமாறித்தான் இதைப் பிடித்தேன்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். உதாரணத்துக்கு நாலு பிராஞ்சுகளின் பெயர்: பில், கணக்கு, தமிழ், படம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கிட் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2.38 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. கீழே சொல்லும் ஒரு வசதி 2022 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தது. உபுண்டு 22.04-இல் கூடவே வருவது 2.34, அதனால் ஒருமுறை அப்டேட் செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்து எஸ்எஸ்ஹெச் சாவி, பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டுவது. கோடை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் பாஸ்வேர்டு போட்டு புஷ் செய்யும் வழி 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பாஸ்வேர்டை அடித்து அடித்துப் பார்க்காதீர்கள். சாவி உருவாக்கினால் இரண்டு ஃபைல் வரும். 'பப்' என்று முடிவதைத்தான் கிட்ஹப்பில் ஒட்ட வேண்டும். இன்னொன்று உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது, கூட வேலை செய்பவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும்.

செலவைப் பொறுத்தவரை, தனியார் ரெப்போவும் (வெளியார் பார்க்க முடியாத கோடு கிடங்கும்) அதில் எத்தனை பேரைச் சேர்ப்பதும் 2020 ஏப்ரலிலிருந்து கிட்ஹப்பில் இலவசம். ஆனால் இரண்டு இடத்தில் கை கடிக்கும். தனியார் ரெப்போவில், முடிந்த வேலைகள் சேரும் மெயின் பிராஞ்சுக்குப் பூட்டு போடும் வசதி இலவசத் திட்டத்தில் கிடையாது. அதனால் "மெயினில் யாரும் நேராக புஷ் செய்யக் கூடாது" என்பதை உங்களுக்குள் பேசித்தான் காப்பாற்ற வேண்டும். இரண்டாவது, தானாக டெஸ்ட் ஓடும் ஆக்‌ஷன்ஸ் வசதிக்குத் தனியார் ரெப்போக்களில் மாதம் 2,000 நிமிடம்தான் இலவசம். நாலு பிராஞ்சிலும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் டெஸ்ட் ஓடினால் மாதக் கடைசியில் நிமிடம் தீர்ந்து நிற்பீர்கள். புல் ரெக்வெஸ்ட்டுக்கும் (ஒரு பிராஞ்சைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) மெயினுக்கும் மட்டும் ஓடும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

2. கேட்டதை முதலில் தாளில் பிரியுங்கள்

பிராஞ்ச் போடுவது ஒரு நொடி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் நேரம் பிடிக்கும். குரல் செய்தியைக் கேட்டு, அதில் இருக்கும் வேலைகளைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று விஷயம்: பிராஞ்ச் பெயர், எந்த ஃபைல்களைத் தொடும், வேறு எந்த வேலை முடிந்தால்தான் இதைத் தொடங்க முடியும். இந்தத் தாளை வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பி, "சரி" என்று ஒரு வார்த்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு "இதை நான் கேட்கவே இல்லையே" என்ற பேச்சு வரும்போது அதுதான் உங்களுக்கு ஆவணம்.

எது ஒரு பிராஞ்ச், எது இரண்டு என்று எப்படி முடிவு செய்வது? நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இதை மட்டும் நாளைக்கு வெளியிடச் சொன்னால் வெளியிட முடியுமா? முடியும் என்றால் அது தனி பிராஞ்ச். செட்டிநாட்டு வீட்டில் கல்யாணமான மகனுக்கு வேறு வைப்பார்களே (தனிக்குடித்தனம்), வளவு (வீட்டு முற்றம்) ஒன்று, அடுப்பு தனித்தனி, அந்த மாதிரி. ரெப்போ பொது, சமையலைக் கலக்கக் கூடாது.

பில் வேலையில் இருக்கும்போது பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அதையும் அங்கேயே திருத்தும் ஆசை வரும். வேண்டாம். தாளில் ஒரு வரி சேர்த்துவிட்டு நகருங்கள். இல்லை, ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது என்றால் 'கிட் ஆட் -பி' போடுங்கள். மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, எதைச் சேர்க்க என்று கேட்கும். பில் சம்பந்தப்பட்டதை மட்டும் சேர்த்து கமிட் செய்யலாம்.

3. ஒவ்வொரு பிராஞ்சையும் மெயினிலிருந்து தொடங்குங்கள்

கிட் சுவிட்ச் மெயின்
கிட் புல் --எஃப்எஃப்-ஒன்லி
கிட் சுவிட்ச் -சி பில்

இந்த மூன்று வரியும் சேர்ந்தே வர வேண்டும். மூன்றாவதில் வருவது சிறிய சி. புதியவர்கள் முதல் இரண்டை விட்டுவிட்டு, தாங்கள் நிற்கும் இடத்திலிருந்தே மூன்றாவதை அடிக்கிறார்கள். கணக்கு பிராஞ்சில் நின்றுகொண்டு பில் பிராஞ்சைப் போட்டால், முடியாத கணக்கு வேலை முழுதும் பில்லோடு சேர்ந்து வரும். வியாழக்கிழமைச் செய்தி வந்த பிறகுதான் அது தெரியும்.

நடுவில் மெயின் முன்னேறினால் தினமும் அதை உங்கள் பிராஞ்சுக்குள் இழுக்க வேண்டாம். தேவைப்படும் ஏதோ ஒன்று மெயினில் வந்திருந்தால், அல்லது கான்ஃப்ளிக்ட் (ஒரே வரிகளை இரண்டு பிராஞ்சும் வேறு வேறாக மாற்றிய மோதல்) வரும் என்று தெரிந்தால் மட்டும் இழுங்கள். 'மெர்ஜ் மெயின்' என்று பத்து கமிட் நடுநடுவே கிடந்தால், பிராஞ்சில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை உங்களாலேயே படிக்க முடியாது.

4. பாதி வேலையில் இன்னொன்றுக்குத் தாவ

இரண்டு வழி இருக்கிறது. பாதி மாற்றங்களை ஓரமாக எடுத்து வைக்கும் 'கிட் ஸ்டாஷ்' எல்லோருக்கும் தெரிந்த வழி. பத்து நிமிட வேலைக்கு அது போதும். அதில் இரண்டு பொறி. புதிதாக உருவாக்கி இன்னும் ஆட் செய்யாத ஃபைல்களை அது எடுத்து வைக்காது, '-யூ' சேர்த்தால்தான் எடுக்கும். அடுத்தது, ஸ்டாஷ் எந்த பிராஞ்சுக்கும் சொந்தமில்லை. கணக்கில் வைத்ததைப் பில்லில் நின்று பிரித்தாலும் கேள்வி கேட்காமல் கொட்டிவிடும்.

அரைநாளுக்கு மேல் ஆகும் என்றால் வொர்க்ட்ரீ போடுங்கள்:

கிட் வொர்க்ட்ரீ ஆட் ../பில்-வேலை பில்

பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டர் வரும், அதில் பில் பிராஞ்ச் திறந்திருக்கும். கணக்கு வேலை பழைய ஃபோல்டரில் பாதியில் அப்படியே கிடக்கலாம், தொட வேண்டாம். ஒரே பிராஞ்சை இரண்டு ஃபோல்டரில் திறக்க கிட் விடாது. அது நல்லதுக்குத்தான்.

கிட் கண்காணிக்காத ஃபைல்கள் புது ஃபோல்டருக்கு வராது. பாஸ்வேர்டுகள் இருக்கும் 'என்வ்' ஃபைல், நோட் மாட்யூல்ஸ் போன்றவற்றை நீங்களே வைக்க வேண்டும். வீட்டில் மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறவர்கள் இதை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது, மறுபடி இறக்கும்போது டேட்டா கரையும். டேட்டாபேஸ் விஷயம் இன்னும் மோசம். பிராஞ்ச் மாறினால் ஃபைல்கள்தான் மாறும், டேட்டாபேஸ் மாறாது. பில் பிராஞ்சில் ஜிஎஸ்டி எண்ணுக்காக அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்திருந்தால், கணக்கு பிராஞ்சுக்கு வந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். விநோதமான பிழைகள் வந்து ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஒவ்வொரு வொர்க்ட்ரீக்கும் தனி டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

5. எல்லாவற்றையும் சேர்த்துக் காட்ட ஒரு சோதனை பிராஞ்ச்

பட்டறைக்காரருக்கு நாலு பிராஞ்ச் என்றெல்லாம் சொன்னால் பிடிக்காது. "எல்லாம் சேந்து எப்படி இருக்குன்னு காட்டுங்க" என்பார். நியாயமான கேள்வி. இங்கேதான் பலரும் ஒரு பிராஞ்சை இன்னொன்றில் மெர்ஜ் செய்து, பிரிக்க முடியாத சிக்கலைப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில், எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறியக்கூடிய ஒரு பிராஞ்ச் வையுங்கள்:

கிட் சுவிட்ச் -சி சோதனை மெயின்
கிட் மெர்ஜ் பில்
கிட் மெர்ஜ் கணக்கு
கிட் மெர்ஜ் தமிழ்
கிட் மெர்ஜ் படம்

முதல் வரியில் வருவது பெரிய சி. சோதனை ஏற்கெனவே இருந்தால் அதை அழித்து மெயினிலிருந்து புதிதாகத் தொடங்கும். டெமோ சர்வருக்கு இந்த பிராஞ்சை அனுப்புங்கள். அடுத்த முறை காட்ட வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து கட்டுங்கள். நாலு பெயரையும் ஒரே மெர்ஜ் கட்டளையில் கொடுக்கலாம்தான், ஆனால் கான்ஃப்ளிக்ட் இருந்தால் கிட் மறுத்துவிடும். ஒவ்வொன்றாகச் செய்தால் எதற்கும் எதற்கும் மோதல் என்பதும் தெரியும்.

இதில் ஒரே ஒரு விதி, அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: சோதனை பிராஞ்சிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. அதிலிருந்து புது பிராஞ்ச் போடக் கூடாது, அதை எந்த வேலையிலும் மெர்ஜ் செய்யக் கூடாது, அதில் நேராக எதையும் திருத்தவும் கூடாது. டெமோவில் பில் தப்பாக வருகிறதா? பில் பிராஞ்சுக்குப் போய்த் திருத்தி, சோதனையை மறுபடி கட்டுங்கள். சுற்றுவழி மாதிரி தெரியும். ஆனால் "படம் மட்டும் வேண்டாம்" என்று அவர் சொல்லும் நாளில், அந்த ஒரு வரியை விட்டுவிட்டுக் கட்டினால் வேலை முடிந்தது. கிட்டை எழுதுகிறவர்களே தங்கள் ரெப்போவில் 'சீன்' (பார்த்தாயிற்று என்ற பொருளில்) என்று ஒரு பிராஞ்சை இப்படித்தான் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள்.

"ஒவ்வொரு தடவையும் அதே கான்ஃப்ளிக்டைத் தீர்க்கணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். இதை ஒருமுறை போட்டுவிடுங்கள்:

கிட் கான்ஃபிக் --குளோபல் ரெரெரெ.எனேபிள்டு ட்ரூ

ஒரு கான்ஃப்ளிக்டை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்று கிட் குறித்து வைத்து, அதே மோதல் மறுபடி வந்தால் தானே தீர்த்து வைக்கும். மெர்ஜ் அப்போதும் நிற்கும். பார்த்துவிட்டு ஆட் செய்து கமிட் செய்வது உங்கள் வேலை. தீர்த்த குறிப்புகளை 60 நாள் வரையும், தீர்க்காமல் விட்டவற்றை 15 நாள் வரையும் வைத்திருக்கும். இந்தக் குறிப்புகள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும், புஷ்ஷில் போகாது. அதனால் சோதனையைக் கட்டுவது ஒரே ஆளின் பொறுப்பாக இருப்பது நல்லது. முதல் முறை தப்பாகத் தீர்த்திருந்தால் அந்தத் தப்பும் விசுவாசமாகத் திரும்ப வரும். கான்ஃப்ளிக்டில் நிற்கும்போதே 'கிட் ரெரெரெ ஃபர்கெட்' என்று ஃபைல் பெயரோடு கொடுத்தால் மறந்துவிடும்.

கான்ஃப்ளிக்ட் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். கிட் பார்ப்பது வரிகளை மட்டும்தான். பத்து அங்குலக் கல்லில் ஒரு சதுர அடிக்கு 1.44 கல் வேண்டும். எட்டு அங்குலத்துக்கு 2.25. கணக்கு பிராஞ்சில் ஒரு ஃபங்க்‌ஷன் முன்பு சதுர அடியைத் தந்தது, இப்போது கல் எண்ணிக்கையைத் தருகிறது. பில் பிராஞ்ச் அதே ஃபங்க்‌ஷனைக் கூப்பிட்டு, சதுர அடி விலையால் பெருக்குகிறது. இரண்டும் வேறு வேறு ஃபைல், மெர்ஜ் சத்தமில்லாமல் முடியும். ஆனால் பத்து அங்குலக் கல் நூறு சதுர அடி வாங்கியவருக்கு 144 சதுர அடிக்குப் பில் விழும். இதைப் பிடிக்கத்தான் சோதனை பிராஞ்ச். கட்டியதும் குறைந்தது ஒரு பில்லாவது போட்டு, கையால் கணக்குப் பாருங்கள்.

6. ஒரு பிராஞ்சின் மேல் இன்னொரு பிராஞ்ச்

சில வேலைகளைத் தனியாக நிறுத்த முடியாது. கல் கணக்கிடும் படிவத்துக்குத் தமிழ்ச் சொற்கள் போட வேண்டும், ஆனால் அந்தப் படிவமே கணக்கு பிராஞ்சில்தான் இருக்கிறது. அப்போது தமிழ் பிராஞ்சைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். தவறில்லை. தாளில் "கணக்குக்குப் பிறகு" என்று எழுதி வையுங்கள். புல் ரெக்வெஸ்ட் போடும்போது அடித்தளத்தை மெயின் என்று விடாமல் கணக்கு என்று மாற்றுங்கள், இல்லையென்றால் பார்ப்பவருக்கு இரண்டு வேலையும் கலந்து தெரியும்.

சிக்கல் கணக்கு மெயினில் சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும். சாதாரண மெர்ஜ் என்றால் கவலையில்லை. ஸ்குவாஷ் மெர்ஜ் என்றால், கணக்கின் ஏழெட்டு கமிட்டும் ஒரே புது கமிட்டாக மாறி மெயினில் உட்காரும். தமிழ் பிராஞ்சின் அடியில் இருப்பதோ பழைய ஏழெட்டு. இரண்டும் ஒன்றுதான் என்று கிட்டுக்குத் தெரியாது. வெறுமனே ரீபேஸ் (கமிட்டுகளை எடுத்து வேறொரு கமிட்டின் மேல் மறுபடி வைப்பது) செய்தால், எப்போதோ முடிந்துபோன வேலைக்கெல்லாம் கான்ஃப்ளிக்ட் வரும். பதிலாக:

கிட் ரீபேஸ் --ஆன்டூ மெயின் கணக்கு தமிழ்

தமிழில் இருப்பவற்றில் கணக்கு வரை உள்ளதை விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்து மெயின் மேல் வை என்று பொருள். இதற்குப் பழைய கணக்கு பிராஞ்ச் உங்கள் கணினியில் இருக்க வேண்டும். மெர்ஜ் ஆனதும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள், மேலே நிற்பது இறங்கட்டும்.

இன்னும் மெர்ஜ் ஆகாத நிலையில், மெயின் முன்னேறிவிட்டதால் இரண்டையும் நகர்த்த வேண்டுமென்றால், தமிழில் நின்றுகொண்டு 'கிட் ரீபேஸ் --அப்டேட்-ரெஃப்ஸ் மெயின்' போடுங்கள். நடுவில் இருக்கும் கணக்கு பிராஞ்சும் சேர்ந்து நகரும். 2.38 வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். கணக்கு வேறொரு வொர்க்ட்ரீயில் திறந்திருந்தால் மட்டும் அதை நகர்த்தாது.

ரீபேஸில் கான்ஃப்ளிக்ட் வந்தால் 'அவர்ஸ்', 'தேர்ஸ்' இரண்டும் இடம் மாறிவிடும். 'அவர்ஸ்' என்பது நீங்கள் போய் உட்காரும் மெயின் பக்கம். 'தேர்ஸ்' என்பது உங்கள் சொந்த மாற்றம். பெயரை நம்பி பட்டனை அழுத்தினால் எழுதியதெல்லாம் போகும். குழம்பினால் 'கிட் ரீபேஸ் --அபோர்ட்', தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம்.

மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள். போக வேண்டியிருந்தால் கீழே இருப்பதை முதலில் மெயினுக்கு அனுப்பப் பாருங்கள்.

7. கமிட் தவறான பிராஞ்சில் விழுந்தால்

எட்டு அங்குலக் கல்லுக்கான திருத்தம் கணக்குக்குப் போக வேண்டியது, பில்லில் விழுந்துவிட்டது. கமிட் எண்ணைக் குறித்துக்கொண்டு, கணக்கு பிராஞ்சுக்கு மாறி 'கிட் செர்ரி-பிக்' என்று அந்த எண்ணைக் கொடுங்கள். அப்புறம் பில்லுக்குத் திரும்பி, அதுதான் கடைசி கமிட் என்றால், இன்னும் புஷ் செய்யவில்லை என்றால், 'கிட் ரீசெட் --ஹார்டு ஹெட்~1' கொடுத்து ஒன்று பின்னால் போகலாம். கமிட் செய்யாத மாற்றம் ஏதும் இருந்தால் இந்தக் கட்டளை அதையும் துடைத்துவிடும். 'கிட் ஸ்டேட்டஸ்' பார்க்காமல் அடிக்காதீர்கள். புஷ் ஆகி மற்றவர்கள் எடுத்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே மாற்றம் இரண்டு பிராஞ்சில் இருந்தால் பெரும்பாலும் மெர்ஜ் தகராறு செய்யாது.

8. ரீபேஸுக்குப் பிறகு புஷ்

ரீபேஸ் செய்த பிராஞ்சை கிட்ஹப் சாதாரணமாக ஏற்காது. தேடினால் முதலில் வரும் பதில் '--ஃபோர்ஸ்' என்று இருக்கும். அதற்குப் பதில் '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாராவது அந்த பிராஞ்சில் புஷ் செய்திருந்தால் அது மறுத்துவிடும். இந்தப் பாதுகாப்பிலும் ஓட்டை உண்டு. விஎஸ் கோடில் (கோடு எழுதும் எடிட்டர்) ஆட்டோ ஃபெட்ச் (கிட்ஹப்பில் புதிதாக வந்ததைத் தானாக எடுத்து வருவது) போட்டிருந்தால், உங்களுக்குத் தெரியாமலே பின்னணியில் ஃபெட்ச் ஆகி, "கடைசியாகப் பார்த்தது" புதிதாகிவிடும். கூடவே '--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்' சேர்த்தால் அந்த ஓட்டை அடைபடும். மெயினுக்கு எந்த வகை ஃபோர்ஸும் வேண்டாம்.

9. மெயினில் சேர்க்கும் நேரம்

மெயினில் சேர்ப்பதும் சைட்டில் வெளியிடுவதும் வேறு வேறு வேலை. வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். அந்த நேரத்தில் புதிதாக எதையும் திறக்க இந்தப் பக்கத்து முதலாளிகள் பலர் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள். வியாழன் மாலையே பில்லை மெயினில் சேர்த்து, சோதனையையும் புது மெயினிலிருந்து கட்டி ஓட்டிப் பாருங்கள். மறுநாள் நல்ல நேரத்தில் வெளியீடு மட்டும் மிச்சம் இருக்கும்.

ஒரே நாளில் இரண்டு பிராஞ்ச் சேர்க்க வேண்டியிருந்தால் சிறியதை முதலில் சேருங்கள். படம் பிராஞ்சில் மட்டும் ஃபைல் அளவைப் பாருங்கள்: 50 எம்பி தாண்டினால் கிட்ஹப் எச்சரிக்கும், 100 எம்பி தாண்டினால் புஷ்ஷையே நிறுத்திவிடும். பிறகு அந்தப் படத்தை அழித்து இன்னொரு கமிட் போட்டாலும் பயனில்லை. பழைய கமிட்டில் அது இருக்கும் வரை புஷ் போகாது, அந்தக் கமிட்டையே மாற்றி எழுத வேண்டும்.

10. முடிந்த பிராஞ்சுகளை அழிப்பது

'கிட் பிராஞ்ச் --மெர்ஜ்டு' கொடுத்தால் மெயினில் சேர்ந்தவை பட்டியலாக வரும், மெயினில் நின்று கேளுங்கள். ஸ்குவாஷ் செய்தவை அதில் வராது. அவற்றை உங்கள் தாளில் டிக் பார்த்துத்தான் அழிக்க வேண்டும், அதுவும் பெரிய 'டி' போட்டு. சிறிய 'டி' மறுத்தால் உடனே பெரிய 'டி'க்குத் தாவாமல், ஏன் மறுக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். வொர்க்ட்ரீ ஃபோல்டரைக் கையால் டெலீட் செய்யாமல் 'கிட் வொர்க்ட்ரீ ரிமூவ்' மூலம் எடுங்கள். கிட்ஹப்பில் அழித்தவற்றின் நிழல் உங்கள் பக்கம் கிடக்கும். அதற்கு 'கிட் ஃபெட்ச் --ப்ரூன்'.

தப்பான பிராஞ்சை அழித்துவிட்டால் 'கிட் ரெஃப்லாக்' பாருங்கள். அந்த பிராஞ்சில் கடைசியாக நின்ற கமிட்டின் எண் அங்கே இருக்கும். பிராஞ்ச் பெயரையும் அந்த எண்ணையும் கொடுத்து 'கிட் பிராஞ்ச்' போட்டால் திரும்ப வந்துவிடும். எந்த பிராஞ்சும் பிடித்திருக்காத கமிட்டுகளுக்கு இந்தக் குறிப்பு சாதாரணமாக 30 நாள் வரைதான். நீங்கள் கமிட் செய்த அதே கணினியில்தான் தேட வேண்டும், கிட்ஹப்பிலிருந்து புதிதாக குளோன் செய்த இடத்தில் அது இருக்காது.